பேட்டரி வீல்சேரைப் பூட்டி வைக்கிறதுக்குப் பேரு பாதுகாப்பா? (த்ரெட்)

1/ முதியோர் இல்லம் நடத்துறவங்களும், அப்பா அம்மாவை அங்கே விட்டிருக்கிறவங்களும் கொஞ்சம் படிங்க. "பேட்டரி வீல்சேருக்கு இங்கே அனுமதி இல்லை, பாதுகாப்புக்காகத்தான்"னு சொன்னா தலையாட்டிட்டு வராதீங்க. யாரோட பாதுகாப்புன்னு கேளுங்க.

2/ சேரைப் பிடுங்கிட்டா ஆள் எதிலும் மோதமாட்டார், சரி. நாள் முழுக்கப் படுக்கையில் கிடப்பார். அப்புறம் முதுகுக்குக் கீழே படுக்கைப்புண், காலில் ரத்தக்கட்டு, நிமோனியா. இதெல்லாம் இல்லத்தோட விபத்துக் கணக்கில் ஏறாது. எங்க வார்டு கணக்கில்தான் ஏறும்.

3/ இந்த "பாதுகாப்பு" என்ன செய்யும்னு நமக்குத் தெரியாதா? 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநலக் காப்பகத்தில் தீப்பிடிச்சப்ப சங்கிலியோட கிடந்தவங்களால ஓட முடியல. 28 உயிர் போச்சு. சேரைப் பூட்டுறது அந்த அளவு கொடுமை இல்லைதான். ஆனா பார்த்துக்க ஆள் இல்லன்னா அவங்களை நகரவிடாம வை என்கிற புத்தி ஒண்ணுதான்.

4/ ஆபத்தே இல்லையா? இருக்கு. ஆளோட சேர்த்தா பல சேர் நூறு கிலோவைத் தாண்டும். ஸ்ட்ரோக் வந்த சிலருக்கு இடது பக்கம் இருக்கிறதே மூளையில் பதியாது. அந்தப் பக்கம் இடிப்பாங்க. மறதிநோய் முற்றினவங்க தனியா ஓட்டக்கூடாது. அதனால ஒவ்வொருத்தரையும் ஓட்டவச்சுப் பார்த்து முடிவு பண்ணுங்க. ஒருத்தருக்குச் சுகர்னு மொத்தப் பந்திக்கும் பாயசத்தை நிறுத்துவீங்களா?

5/ உண்மையான பாதுகாப்பு இதுதான்:
• உள்ளே ஓட்ட வேகத்தைக் குறைச்சு செட் பண்ணுங்க. பெல்ட் போடுங்க.
• ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம். மூணு படிமேல பலகையைச் சாய்ச்சா அது சாய்தளம் இல்ல.
• கையால தள்ள மோட்டாரை விடுவிக்கிற லீவர் இருக்கும். அதை விடுவிச்சிட்டா பெரும்பாலான சேரில் பிரேக் பிடிக்காது. சரிவில் தொடவே தொடாதீங்க.
• கட்டிலுக்கு மாறும்போது சுவிட்ச் ஆஃப். முந்தானை, வேட்டி நுனி சக்கரத்தில் சிக்காம பாருங்க.
• அதுக்குன்னு வந்த சார்ஜர்தான். வெளியேறுற வழியை மறிச்சு சார்ஜ் போடாதீங்க.

6/ எங்க கோட்டுச்சேரிமேடு மாதிரி கடலோர ஊர்னா இன்னும் ரெண்டு. உப்புக்காத்து ஒயர் முனையை அரிக்கும், அடிக்கடி பாருங்க. 2018 கஜா புயல்ல டெல்டாவில் எத்தனை நாள் கரண்ட் இல்லாம கிடந்தோம்? கையால தள்ளுற சேர் ஒண்ணு எப்பவும் தயாரா இருக்கணும்.

7/ 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கு. மத்திய அரசோட அடிப் திட்டத்தில் மோட்டார் வீல்சேருக்கு உதவி இருக்கு. அரசாங்கம் காசு போட்டுக் கொடுக்கிற காலை, இல்லம் பூட்டி வைக்கலாமா?

8/ அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி மூணே கேள்வி: சாய்தளம் எங்கே? சேர் பாத்ரூம் கதவுக்குள்ள போகுமா? ஓட்டலாமா கூடாதான்னு யார், எப்படிச் சோதிச்சு முடிவு பண்றீங்க? பதில் வரலன்னா வேற இல்லம் பாருங்க.