டபிள்யூ எடுத்த பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள்?



ஓ.எல் பெறுபேறு வந்தால் நமது ஊர் முகநூலில் இரண்டு விஷயம்தான். ஒன்று, 9ஏ எடுத்த பிள்ளைகளின் படம். மாஷா அல்லாஹ், அவர்கள் பாராட்டுக்குரியவர்கள். மற்றது, கணிதத்தில் ஏ இத்தனை, டபிள்யூ இத்தனை என்று ஒரு சலாகை வரைபு. அதற்குக் கீழே, "இந்தப் பாடசாலை உருப்படாது" என்று தீர்ப்பு.

கணிதம் படிப்பிக்கிற நாங்கள் சொல்கிறோம்: அந்தப் படத்தை வைத்து அப்படித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஏன்? டபிள்யூ என்பது 0 முதல் 34 வரை. எஸ் 35 முதல் 49, சீ 50 முதல் 64, பீ 65 முதல் 74, ஏ 75 முதல் 100. அகலங்கள் சமனில்லை. பீயின் அகலம் 10 புள்ளி, டபிள்யூவின் அகலம் 35. சலாகை வரைபில் எல்லாம் ஒரே அகலம்.

உதாரணத்துக்கு 100 பிள்ளைகளை எடுங்கள்: டபிள்யூ 35, எஸ் 24, சீ 21, பீ 10, ஏ 10. சலாகை வரைபில் டபிள்யூதான் மிக உயரம். வலையுருவரையத்தில் ஆளெண்ணிக்கையைச் சொல்வது பரப்பளவு, உயரமல்ல. 5 புள்ளிக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்டால் டபிள்யூ 5, எஸ் 8, சீ 7, பீ 5, ஏ 2. அதாவது பிள்ளைகள் அதிகம் நெருங்கி நிற்பது 35க்கும் 65க்கும் இடையில்.

இது டபிள்யூவைக் குறைத்துக் காட்டும் தந்திரம் அல்ல. 35 பேர் 35 பேர்தான். ஆனால் அவர்கள் அந்த நீண்ட பெட்டிக்குள் எங்கே நிற்கிறார்கள்? ஒரு பாடசாலையில் 30 பேர் 25க்கும் 34க்கும் இடையில் நிற்கலாம். இன்னொன்றில் 30 பேர் 10க்குக் கீழே நிற்கலாம். முதலாமவர்களுக்குக் கடந்தகால வினாத்தாள் பயிற்சி போதும். மற்றவர்களுக்குப் பின்னத்திலிருந்தும் வாய்ப்பாட்டிலிருந்தும் தொடங்க வேண்டும். இரு கூட்டத்தையும் ஒரே மாலை வகுப்பில் உட்கார வைத்தால் இருவருக்கும் அநியாயம்.

பெறுபேற்றுத் தாளில் புள்ளி இல்லை, தரம் மட்டும்தான். ஆனால் தவணைப் பரீட்சைப் புள்ளி பாடசாலைகளின் கையில் இருக்கிறது. தரம் 10, 11 கணிதப் புள்ளிகளை 0–4, 5–9 என்று ஐந்தைந்தாகக் கூட்டமாக்கி ஒரு வலையுருவரையம் வரைந்து, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் தொங்கவிடுங்கள். பத்துப் பத்தாக வேண்டாம். 34ஐயும் 39ஐயும் ஒரே பெட்டியில் போட்டால் சித்திக் கோடு மறைந்துவிடும்.

"பிள்ளைகளின் மானம் போகும்" என்பார்கள். வலையுருவரையத்தில் பெயர் இல்லை. 9ஏ பதாகையில்தான் பெயர் இருக்கிறது. அதில் யார் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

"இது பரீட்சைக்கு வரும் ஒரு வினா, அவ்வளவுதான்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அகலம் இரட்டித்தால் உயரம் பாதி என்று வகுப்பில் கற்றுக்கொடுத்துவிட்டு, நமது பிள்ளைகளின் எதிர்காலத்தை அளக்கும்போது மட்டும் அதை மறப்பது என்ன நியாயம்?

பெற்றோர்களே, அடுத்த கூட்டத்தில் "எத்தனை 9ஏ?" என்று கேளுங்கள், தப்பில்லை. அதோடு "35க்குக் கீழே யாரும் தெரியாமல் எத்தனை பேர், எந்த இடத்தில்?" என்றும் கேளுங்கள்.

அல்லாஹ் நமது பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.