தவணையா, வட்டியா?

ராசிங்காபுரத்திலிருந்து போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிச் செல்ல ஜீப் வாங்கும் சகோதரர், "பைனான்ஸில் எடுத்தேன், இதுவும் வியாபாரந்தானே?" என்கிறார். இல்லை, அன்பரே! விற்றவர் முழு விலையையும் பெற்று விலகிவிட்டார். பணம் தந்த மூன்றாமவரோ வண்டியை வாங்கவுமில்லை, விற்கவுமில்லை, ஆர்.சி. புத்தகத்தில் ஈட்டுரிமையை மட்டும் பதிந்துகொண்டார். அவர் விற்றது பணத்தையே.

6 இலட்சம் கடன். ஆண்டுக்கு நூற்றுக்கு 10. 5 ஆண்டுத் தவணை என்று வைப்போம். வட்டி மட்டும் 3 இலட்சம். அசல் மாதந்தோறும் குறைந்தும் வட்டி முழுத் தொகைக்கே கணக்கிடப்படுவதால், உண்மை விகிதம் ஏறத்தாழ 17!

வியாபாரத்தை ஹலாலாக்கி வட்டியை ஹராமாக்கிய அல்பகரா 275ஆம் வசனத்தை ஓதும் செல்வந்தர்களே! வண்டியை நீங்களே வாங்கி, இலாபம் சேர்த்து ஒரே விலை பேசித் தவணைக்கு விற்கலாமே! பெரும்பான்மை இமாம்கள் அனுமதித்த வழி அது. அதைத் திறக்காமல், கடன்பட்டவனை மட்டும் பழிப்பது நீதியாகுமா?