பின்விளக்கு பாதி எரிந்தால் போதாது



சென்ற மாதம் வி.கோட்டாவிலிருந்து பத்தலப்பல்லி மலைப்பாதை வழியாக இரவில் பேரணாம்பட்டு திரும்பினேன். அடிவாரத்து டீக்கடையில், பின்னால் வந்த லாரி ஓட்டுநர், "அண்ணே, உங்க காருல இடப்பக்க லைட்டு பாதிதான் எரியுது. வளைவுல பைக்குன்னு நெனச்சிட்டேன்" என்றார். நெஞ்சு பதறியது. பழைய கார், வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது.

ஒரு கடையில் விளக்கையே முழுதாக மாற்றச் சொன்னார்கள். எங்கள் ஊர் எலக்ட்ரீஷியனோ வலப்பக்க விளக்கைக் கழற்றி இடப்பக்க ஒயரில் மாட்டிப் பார்த்தார். முழுதாக எரிந்தது. ஒயரும் எர்த்தும் சரி, பழுது விளக்குக்குள்தான் என்பது தெளிவானது. இத்தகைய விளக்கில் எல்.இ.டி.க்கள் சிறு சிறு வரிசைகளாக இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று அறுந்தாலும் அந்த வரிசையே அணைந்துவிடும். பிரித்தால், கண்ணாடி ஓரத்து விரிசலில் மழைநீர் இறங்கி, போர்டில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. துடைத்து, விட்டுப்போன இடத்தில் ஈயம் வைத்து, விரிசலை சிலிகானால் அடைத்தார். விளக்கு முழுதாக எரிந்தது.

பின்பக்கச் சிவப்பு விளக்குகள் 155 மீட்டர் தொலைவிலும் தெரிய வேண்டும் என்கின்றன 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். பழைய கார் வாங்குவோர் இருட்டிய பிறகு ஒருவரைப் பின்னால் நிறுத்தி, பார்க்கிங், பிரேக், இண்டிகேட்டர் மூன்றையும் போட்டுப் பாருங்கள். விற்பவர்களும் இதைச் சரிபார்த்தே வண்டியைக் கொடுக்க வேண்டும். விளக்கையே முழுதாக மாற்ற வேண்டியிராதபடி, கார் நிறுவனங்கள் அதன் உள்போர்டைத் தனி உதிரிபாகமாக விற்க முன்வர வேண்டும்.

- ஒரு வாசகர், பேரணாம்பட்டு