பேய்க்கதை படித்தால் பேய் பிடிக்குமா?

"படிக்கிற வயசில் பேய்க்கதை எதுக்கு? பயந்து கியந்து தொலைச்சா யார் பார்க்கிறது?"

பிள்ளைகள் கையில் திகில் நாவலைக் கண்டால் நம் வீடுகளில் முதலில் எழும் குரல் இதுதான். என் கட்சி வேறு. படிக்கட்டும், கூடவே நீங்களும் படியுங்கள் என்பேன். அதில் வரும் பேயைத் தெரிந்துகொள்ள அல்ல, உங்கள் பிள்ளையைத் தெரிந்துகொள்ள!

கஷாயம் காய்ச்சுகிற ஆளுக்குப் பேய்க்கதையில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? 'பேய்க்கதை படிச்சுத்தான் இவ இப்படி ஆயிட்டா' என்று பிள்ளையை அழைத்து வருகிற தாய்மார்கள் உண்டு. என்ன சாப்பிட்டாய் என்று விசாரிக்கிற வைத்தியன், என்ன படித்தாய் என்றும் விசாரிக்க வேண்டாமா? அதனால்தான் சமீபத்தில் சில திகில் நாவல்களை வாங்கி உட்கார்ந்து படித்தேன்.

முதலில் ஸ்டீபன் கிங் எழுதிய 'கேரி'. 1974-ல் வந்த அமெரிக்க நாவல். கேரி பதினாறு வயசுப் பெண். பள்ளிக்கூடத்துக் குளியலறையில் முதன்முதலாக மாதவிலக்கு வருகிறது. செத்துப் போகப் போகிறோம் என்று அலறுகிறாள். ஏனென்றால், அப்படி ஒன்று உண்டு என்று பெற்ற தாய் அவளிடம் சொன்னதே இல்லை! கூடப் படிக்கிற பெண்கள் கேலி செய்து சிரிக்கிறார்கள். வீட்டுக்கு ஓடினால், 'நீ பாவம் செய்தவள்' என்று அம்மா இருட்டறையில் போட்டுப் பூட்டுகிறாள். நினைத்த மாத்திரத்தில் பொருளை நகர்த்தும் சக்தி, ஊரையே எரிக்கும் கோபம் என்று கதை பிறகு எங்கெங்கோ போகிறது. என்னை நடுங்க வைத்தது அந்தச் சக்தி அல்ல, பிள்ளையிடம் பேசாத அந்தத் தாய்தான்.

அடுத்து ஆர்.எல்.ஸ்டைன். 1989-ல் தொடங்கிய இவருடைய 'ஃபியர் ஸ்ட்ரீட்' வரிசை பள்ளி மாணவர்களையே வைத்து எழுதப்பட்டது. 'கேரி' அளவுக்கு ஆழம் கிடையாது, பக்கம் பறக்கும். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஆபத்து வரும்போது பெரியவர்கள் பெரும்பாலும் பக்கத்தில் இல்லை. இருந்தாலும் பிள்ளை சொல்வதை நம்புவதில்லை.

நம் ஊர்ச் சரக்கும் இளைத்ததல்ல. 2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டு விடு கருப்பா' நாவல், 1990-களில் 'விடாது கருப்பு' என்று தொலைக்காட்சித் தொடராக வந்தது நினைவிருக்கும். இன்றைய அம்மா அப்பாக்கள் அன்று போர்வைக்குள் இருந்து எட்டிப் பார்த்தவர்கள்தானே! அந்தக் கதையிலும் ஒரு பக்கம் கருப்பசாமி பயம், மறுபக்கம் ஒரு சிறுவனின் மனசில் விழுந்த காயம்.

ஆக, பேய் மேல்பூச்சு, உள்ளே இருப்பது கேட்க ஆளில்லாத பிள்ளை. வளரும் பிள்ளைகள் இந்தப் புத்தகங்களைத் தேடிப் போவதன் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். உடம்பு மாறுகிறது, பரீட்சை மிரட்டுகிறது, சிநேகிதி முகம் திருப்புகிறாள். இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல முடியாத வயசு. கதையில் வரும் பயத்துக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று உண்டு. மூடி வைத்துவிடலாம். அது ஒரு நிம்மதி.

நம்முடைய கரிசல் பக்கத்துச் சங்கதி ஒன்று. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. "வைத்தியரய்யா, இவ கண்ணுக்கு முன்னால கருப்பா என்னமோ வந்து நிக்குதுங்கா. தலைமாட்டுல பேய்ப் புஸ்தகம். மந்திரிச்சுக் கயிறும் கட்டியாச்சு" என்றார் தாயார். கீழிமையை இறக்கிப் பார்த்தேன். வெளுத்துக் கிடந்தது. தனியே விசாரித்ததில், மாதாமாதம் எட்டு நாள் அதிகப் போக்கு. அம்மாவிடம் சொல்லக் கூச்சம்! அரசு மருத்துவமனைக்கு அனுப்பி ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 7. குறைந்தது 12 இருக்க வேண்டும். எழுந்து நின்றதும் கண் இருட்டியதைத்தான் 'கருப்பு' என்று சொல்லியிருக்கிறது பிள்ளை. பழி புத்தகத்தின் மேல்!

இது அபூர்வமும் அல்ல. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முருங்கைக்கீரை, கம்பு, கூடவே நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை கொடுங்கள். சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம். பள்ளியில் வாரம் ஒன்று தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாமல் விழுங்கச் சொல்லுங்கள். ரத்தம் ரொம்பக் குறைந்திருந்தால் உணவு மட்டும் போதாது, மருந்து வேண்டும். அதிகப் போக்குக்குக் காரணம் என்ன என்றும் மருத்துவரிடம் காட்டிப் பார்த்துவிட வேண்டும்.

மனநோயைப் பேய் என்று ஒதுக்கிவிடாமல், 'கிரிகை' என்று 18 வகையாகப் பிரித்து மருந்தும் சொன்னது நம் சித்த மருத்துவம். அதைக் கற்ற நாம் தாயத்துக்கு ஓடலாமா?

ஓடினால் எங்கே போய் முடியும்? நம் ஊரிலிருந்து வேம்பார் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி தாண்டினால் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். எந்த நாவலிலும் இத்தனை பயங்கரத்தை நான் படிக்கவில்லை. மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது.

ஆகவே பெற்றோரே, புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். படுக்கும் நேரத்தில் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ராத்திரி பயந்து விழித்தால் திட்டாமல் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். கொடூரம் மிகுந்ததைச் சின்னப் பிள்ளைகளுக்குத் தள்ளிப் போடுங்கள். 'கேரி'யும் வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான்.

அதே சமயம், இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பள்ளிக்கூடம் போக மறுக்கிறது, காதில் குரல் கேட்கிறது என்கிறதா? மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். 14416 என்ற அரசின் 'டெலி மானஸ்' எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

இன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும், "அந்தப் பேய்க்கதையில என்னதான் ஆச்சு? எனக்கும் சொல்லேன்" என்று கேட்டுப் பாருங்கள். கதையைச் சொல்லி முடித்த பிறகு, பிள்ளை தன் கதையையும் சொல்லும். காது கொடுங்கள், போதும்!