பூச்சியின் உயிரணுவும் ஏரியின் இறாலும்

எளாவூர்ப் பகுதியில் நெல் வயலும் பழவேற்காட்டு ஏரியும் அண்டை வீட்டார் போன்றவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலினின்று வடியும் நீர் தாழ்ந்த இடம் நாடி ஏரியிற் சேருகின்றது. குருத்துப்பூச்சிக்குத் தெளித்த மருந்தின் மிச்சமும் உடன் செல்லும். பைரித்திராய்டு வகை மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சாகும். பூச்சியை மட்டும் கொல்லும் மருந்து கிடைக்குமாயின், நிலக்காரருக்கும், பாடு முறையில் வலையிடும் மீனவருக்கும் ஒருங்கே நன்மையாம்.

அத்தகைய வழியொன்றை விஞ்ஞானிகள் நாடி வருகின்றனர். பூச்சிக்கு இன்றியமையாத ஒரு மரபணுவுக்கு ஒத்த இரட்டையிழை ஆர்.என்.ஏ.யை உணவுடன் ஊட்டினால், அம்மரபணு செயலற்றுப் பூச்சி மாளும். உருளைக்கிழங்கு வண்டுக்கென இவ்வகைத் தெளிமருந்து ஒன்றுக்கு அமெரிக்காவில் 2023 டிசம்பரில் அனுமதி தரப்பட்டது. ஆனால் குருத்துப்பூச்சி முதலிய அந்துப்பூச்சி இனங்களிலோ, புழுவின் குடல் ரசம் ஆர்.என்.ஏ.யை உயிரணுவை அடையுமுன் சிதைத்துவிடுகின்றது.

இங்கேதான் பெப்டைடு உதவுகின்றது. பெப்டைடு என்பது புரதத்தின் சிறு துண்டு போன்றது. நேர்மின்னூட்டமுள்ள பெப்டைடும் எதிர்மின்னூட்டமுள்ள ஆர்.என்.ஏ.யும் தாமே ஒட்டிக்கொள்ளும். அரிசியை மூடிய உமிபோல் அது உள்ளிருப்பதைக் காத்து, உயிரணுவுக்குள்ளும் சேர்ப்பிக்கின்றது. கான்ஸாஸ் ஸ்டேட் சர்வகலாசாலையார் 2018-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இவ்வாறு ஊட்டப்பட்ட சிவப்பு மாவு வண்டும் பட்டாணி அசுவினியும் விரைவில் மடிந்தன.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. இறாலும் நண்டும் பூச்சிகளோடு ஒரே கணுக்காலிப் பெரும் பிரிவைச் சேர்ந்தவை. ஆர்.என்.ஏ.யைப் பூச்சிக்கென்றே தேர்ந்தமைக்கலாம். பெப்டைடுக்கோ இனபேதம் தெரியாது. இறாலிலும் இரட்டையிழை ஆர்.என்.ஏ. மரபணுவை அடக்கவல்லது என்பது சோதனைகளிற் கண்ட உண்மை. ஆகவே இம்மருந்து இந்நாட்டுக்கு வருமாயின், முதற் பரீட்சை வயலிலன்று, இறால் தொட்டியிலே நடைபெறவேண்டும். திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தாரும், சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தாரும் அதனைக் கூடிச் செய்தல் தகும்.

பழவேற்காட்டு ஏரியினின்று 1,000 மீட்டருக்குள் இறால் குளங்கள் அமைக்கலாகாதெனச் சுப்ரீம் கோர்ட்டு 1996-ல் தீர்ப்பளித்தது, கரையோரங்களிற் பண்ணைகள் பெருகிய பின்னரே. இம்முறை விசாரணை முன்னும் விற்பனை பின்னுமாக அமையட்டும். ஏரிக்கு நீர் வடியும் வயல்கள் இவையெனக் கிராம அதிகாரிகள் இப்பொழுதே குறித்து வைத்தல் நலம். அதுவரை, நாற்றின் நுனி கிள்ளி நடுதல், விளக்குப்பொறி வைத்தல், டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி அட்டை கட்டுதல் ஆகிய வழிகள் குடியானவர் கையிலேயே உள்ளன. இவற்றால் ஏரிக்குத் தீங்கில்லை.