மூன்று மாத நீதி

விற்ற பண்டத்தில் குற்றம் இருந்தால் அதற்கு விற்றவனே பொறுப்பு. இது இன்று நேற்றுத் தோன்றிய நியாயம் அன்று. சந்தை தோன்றிய நாளிலேயே தோன்றியது. ஆனால் அக்குற்றம் கண்ணுக்குத் தெரியாததாயின், வாங்கியவன் பல மாதம் கழித்தே அறியக்கூடியதாயின், யார் பொறுப்பு? இக்கேள்விக்கு நமது நாட்டுச் சட்டம் தரும் விடை நியாயமானதன்று என்பதே எமது கருத்து.

2011ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள், கணினிச் சில்லுகள் செய்யும் இன்டெல் நிறுவனம் ஓர் அறிவித்தல் விடுத்தது. அந்த மாதத்திலேதான் சந்தைக்கு வந்திருந்த அதன் புதிய வகைக் கணினிகளின் தாய்ப்பலகையில் அமைந்த துணைச் சில்லு ஒன்றில் குற்றம் கண்டதாகவும், அதனை அனுப்புவதை நிறுத்திவிட்டதாகவும் அது கூறியது. குற்றம் யாது? வன்தட்டு முதலியவற்றைப் பலகையோடு இணைக்கும் வாயில்கள் ஆறனுள் நான்கு, நாட்செல்லச் செல்ல வலுவிழக்கக்கூடும். வாங்கிய அன்று கணினி குறையின்றி இயங்கும், எழுதும், கணக்கிடும். காலம் கழிந்த பின்னரே சேமித்தவை வர மறுக்கும். சில்லோ பலகையோடு பற்றாசு வைத்துப் பிணைக்கப்பட்டது. ஆதலால் பலகை முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று. தாய்ப்பலகை செய்த கம்பனிகளும் கணினி விற்ற கம்பனிகளும் விற்றவற்றைத் திரும்பப் பெற்றன. திருத்தவும் மாற்றவும் 70 கோடி டொலர் செல்லும் என இன்டெல் நிறுவனமே மதிப்பிட்டது.

இந்தப் பொறுப்புணர்ச்சி வானத்திலிருந்து விழுந்ததா? இல்லை. 1994இல் இதே நிறுவனத்தின் பென்டியம் சில்லு வகுத்தற் கணக்கில் பிழை விடுவதை அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தோமஸ் நைஸ்லி வெளிப்படுத்தினார். அப்பொழுது நிறுவனம் சொன்னதென்ன? நுட்பமான கணக்குச் செய்வோர் எனக் காட்டுவோருக்கு மட்டுமே மாற்றித் தருவோம் என்றது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்தனர். பத்திரிகைகள் கண்டித்தன. அவ்வாண்டு டிசம்பர் 20ஆம் நாள், கேட்போர் அனைவருக்கும் மாற்றித் தருவதாக நிறுவனம் இறங்கி வந்தது. அதன் செலவு 47 கோடியே 50 இலட்சம் டொலர். கேட்டவர்கள் பெற்றார்கள், கேட்டதனாலேயே பெற்றார்கள்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் நல்லதொரு சட்டமே. உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பண்டத்தை விற்றவனை விசாரிக்கவும், நட்டஈடு கொடுக்கவோ, பண்டத்தை மாற்றவோ, பணத்தைத் திருப்பவோ கட்டளையிடவும் அது சபைக்கு அதிகாரம் அளிக்கின்றது. ஆனால் 13ஆம் பிரிவிலே ஒரு முள் இருக்கின்றது. முறைப்பாடு, பண்டம் விற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் வரவேண்டுமாம்!

நமுனுகுல மலையடியிலே ஒரு தோட்டத் தொழிலாளி, உயர்தரம் படிக்கும் மகளுக்காகத் தவணை முறையில் ஒரு கணினி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் தாய்ப்பலகை ஐந்தாம் மாதம் ஓய்கின்றது. கணினிக்குத் தவணைப் பணம் கட்டி முடியவில்லை. முறையிடும் தவணையோ முடிந்துவிட்டது! கடைக்காரர், “லயத்துக் கரண்டில் பழுதாகியிருக்கும்” என்று கைவிரிப்பார். அவரோடு வாதாட, ஒருநாட் பேரை இழந்து, பேருந்துக் கூலி கொடுத்துப் பதுளைக்குப் போய்வர வேண்டும். பெருங் கம்பனியே கண்டுபிடிக்கத் தவறி விற்றுவிட்ட குற்றத்தை இந்தத் தகப்பன் மூன்று மாதத்தில் கண்டுபிடிக்க வேண்டும் என்பது எந்த ஊர் நீதி?

இது கணினி வைத்திருப்போர் பிரச்சினை மட்டுமே என்று விவசாயிகள் எண்ணிவிடலாகாது. வெலிமடையில் உருளைக்கிழங்கு பயிரிடுபவர், விதைக்கிழங்கு பொய்த்ததை எப்பொழுது அறிவார்? தோண்டும்பொழுதுதான். கிழங்கு விளைய மூன்று மாதமேனும் செல்லும். மண்ணுக்குள் கிடக்கும் குற்றமும் சில்லுக்குள் கிடக்கும் குற்றமும் சட்டத்தின் முன் ஒன்றே. இரண்டுக்கும் காலம் கடந்துவிடுகின்றது.

ஆகவே, பாராளுமன்றத்தில் நம் பெயரால் அமர்ந்திருப்போரை இரண்டு கேட்கின்றோம். மறைந்து கிடக்கும் குற்றத்துக்கு, விற்ற நாளிலிருந்தன்றி அது வெளிப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதம் எண்ணப்படுமாறு 13ஆம் பிரிவைத் திருத்துங்கள். திரும்பப் பெறும் அறிவித்தல் எதுவாயினும், அதனைத் தமிழிலும் வெளியிட வேண்டும் என்று விதியுங்கள். 1987இல் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அந்த உரிமை ஏட்டில் மட்டும் உறங்குவதற்கன்று. கடைச் சுவரிலும் காணப்பட வேண்டும்.

நம் மக்களுக்கும் ஒரு சொல். கொழுந்து நிறுக்கையில் ஒரு கிலோ குறைந்தாலும் நின்ற இடத்திலேயே கேட்பவர்கள் நம் பெண்கள். அந்தத் துணிவு கடையிலும் வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது சட்டம். உத்தரவாதச் சீட்டையும் பலகையின் தொடரிலக்கத்தையும் அதனோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். படித்த ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும், தம் ஊரில் முறைப்பாடு எழுதத் தெரியாதவருக்கு ஒரு தாள் எழுதிக் கொடுப்பார்களாக.

சலுகை கேட்கவில்லை நாம். கொடுத்த பணத்துக்கு நல்ல பண்டம் கேட்கின்றோம்.