தீவுகளுக்கு வேண்டுவது கடலின் முன்னறிவிப்பு

வங்கக் கடலின் தென்கிழக்கே எழுநூறு கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில் தொடராகக் கிடக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுக்கூட்டத்துக்கு, வரும் வாரத்தில் வானிலை எவ்வாறு அமையும் என்று சர்க்கார் வெளியிடும் அறிக்கையைப் படிப்பவர்கள், 'பெரும்பாலான இடங்களில் மழை, ஓரிரு இடங்களில் கனமழை' என்ற வாசகத்தையே மே மாதம் தொடங்கிப் பல மாதங்கள் திரும்பத் திரும்பக் காண நேரிடுகிறது. அந்த வாசகத்தில் பிழை ஏதுமில்லை. ஆயினும் மழையிலேயே பிறந்து மழையிலேயே வளர்ந்த தீவுவாசி, தன் தீவுக்கும் அடுத்த தீவுக்கும் நடுவேயுள்ள சமுத்திரம் தன்னைக் கடக்க விடுமா என்று கேட்கிறான். அவனுக்குத் தன் கூரைமீது மழை விழுமா என்று மட்டும் பதில் சொல்லி நிறுத்திக்கொள்வது நியாயமாகாது.

மழை அளவை நோக்கில் இந்தியா 36 வானிலை உட்பிரிவுகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. அவற்றுள் இத்தீவுகள் அனைத்தும் சேர்ந்து ஒன்று. மியன்மாருக்குச் சொந்தமான கோகோ தீவுகளுக்கு அண்டையில் நிற்கும் வட அந்தமானும், சுமத்ராவிலிருந்து சுமார் 150 கி.மீ. தொலைவிலேயுள்ள பெரிய நிக்கோபாரும் ஒரே சொற்றொடருக்குள் அடைக்கப்படுகின்றன. அந்தமானில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வறட்சி நிலவி, தலைநகரின் குடிநீருக்கு ஆதாரமான தனிக்காரி அணையின் நீர்மட்டத்தை ஜனங்கள் கவலையோடு பார்த்திருக்கும் காலத்திலும், பூமத்திய ரேகையை நெருங்கிய தென்கோடியில் மழை அறவே விட்டொழிவதில்லை. மாவட்டந்தோறும் எச்சரிக்கை தரப்படுகிறது என்பது உண்மை, மாவட்டங்கள் மூன்று. ஆனால் அவற்றுள் ஒன்றான நிக்கோபார் மாவட்டமே, கார் நிக்கோபார் முதல் இந்திரா முனை வரை, இடையில் பெருங்கடலைக் கொண்ட நெடிய பரப்பு. 'பெரும்பாலான இடங்கள்' என்றால் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட மழைமானி நிலையங்கள் என்று வானிலை இலாகாவின் இலக்கணம் கூறுகிறது. விரல்விட்டு எண்ணத்தக்க நிலையங்களே உள்ள இடத்தில் அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் பொருள்படும் என்பதை வாசகர்களே சீர்தூக்கிப் பார்க்கலாம்.

கச்சால் தீவை எடுத்துக்கொள்வோம். 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தை ஒட்டி இலங்கையிலிருந்து பெயர்ந்து வந்த நம்மவர் குடும்பங்கள், ரப்பர்த் தோட்டத்தை நம்பிக் குடியமர்த்தப்பட்ட தீவு அது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் மிகக் கொடிய சேதத்தை அனுபவித்ததும் அதுவே. அங்கே ஒருவருக்கு உடல்நலம் மோசமாகி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே தீரவேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டால், ஹெலிகாப்டரில் இடம் கிடைக்காத பட்சத்தில் கப்பல்தான் கதி. அந்தக் கப்பலோ, அந்தமானையும் நிக்கோபாரையும் பிரிக்கின்ற, ஏறத்தாழ 150 கி.மீ. அகலமுள்ள பத்துப் பாகைக் கால்வாயைத் தாண்டியாக வேண்டும். தென்மேற்குக் காற்று உரத்து வீசும் நாட்களில் அந்தக் கால்வாய் எப்படியிருக்கும் என்பது மாலுமிகளுக்குத் தெரியும். துறையில் மூட்டை முடிச்சுகளோடும், படுத்த படுக்கையான முதியவரோடும் காத்திருக்கும் குடும்பத்துக்கு, பிரயாணம் ரத்து என்ற செய்தி புறப்படும் காலையில் வந்து சேருவதற்கும், நான்கு நாட்களுக்கு முன்பே 'புதன்கிழமைக்குப் பின் அலை உயரும், செவ்வாய்க்குள் கடந்துவிடுங்கள்' என்று சொல்லப்படுவதற்கும் உள்ள வித்தியாசம் சில சமயங்களில் ஓர் உயிரின் வித்தியாசமாகவும் இருக்கக்கூடும். கொப்பரையை உலர்த்தி, சாக்கில் கட்டிக் கப்பலேற்றக் காத்திருக்கும் நிக்கோபாரியனுக்கும், 'ஹோடி' என்னும் பக்கக்கட்டை பூட்டிய தோணியில் தீவு விட்டுத் தீவு போகிறவனுக்கும் இதே தேவைதான்.

2016 டிசம்பர் முதல் வாரத்தின் அனுபவத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும். அன்று ஹேவ்லாக், நீல் என்று வழங்கிய தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் கடல் கொந்தளிப்பால் அகப்பட்டுக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் போய் மீட்கும்படியாயிற்று. தலைநகருக்கு அருகேயுள்ள தீவுகளிலேயே, கையில் பணமும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கே அந்த நிலை. தொலைத்தீவுகளில் வசிப்போர் அவ்வாறு அகப்பட்டுக்கொள்வது செய்தியாகவும் ஆவதில்லை என்பதே நம் மனத்தை வருத்துகிறது. அன்று தீவுகளை வருத்திய அதே சுழல்தான் 'வர்தா' என்ற பெயரோடு 12ஆம் தேதி சென்னையைத் தாக்கிற்று. ஆகவே அந்தமான் கடலின் வானிலையை அயலூர்ச் செய்தியாகக் கருதித் தமிழர் ஒதுக்கிவிட இயலாது.

இதற்கு விஞ்ஞானிகள் தரப்பிலிருந்து எழக்கூடிய ஆட்சேபத்தை நாம் அறியாமலில்லை. 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த பாரத் முன்னறிவிப்பு முறையின் கட்டங்களே ஆறு கிலோமீட்டர் அகலமுள்ளவை. சுமார் எட்டுச் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சௌரா தீவு அந்தக் கணக்கில் ஏறக்குறைய கடலாகவே கொள்ளப்படும். அத்தகைய சிறு நிலத்துண்டின் மீது வியாழக்கிழமை பிற்பகல் இடிமழை பெய்யுமா என்று எவராலும் உறுதி கூற முடியாது, மெய்தான். ஆனால் நாம் அதைக் கேட்கவில்லை. சில கிலோமீட்டர் பரப்பில் எழுந்து ஒரு மணி நேரத்தில் கலையும் மழைமேகத்தைவிட, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்து வீசும் காற்றையும், அது எழுப்பும் அலையையும் சில நாட்களுக்கு முன்பே கணிப்பது எளிது. ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவைகள் மையம் அலை உயரத்தையும் தொலைக்கடலிலிருந்து உருண்டு வரும் பேரலையையும் கணித்து அறிவித்துக்கொண்டுதான் இருக்கிறது. மழைச் செய்தி ஓர் அலுவலகத்திலும், அலைச் செய்தி மற்றோர் அலுவலகத்திலும், கப்பல் அட்டவணை மூன்றாவது அலுவலகத்திலும் தனித்தனியே கிடக்க, அவற்றை இணைத்துப் பார்க்கும் பாரம் துறையில் நிற்கும் ஏழையின் தலையில் விழுகிறது. இது அறிவின் குறையன்று, நிர்வாகத்தின் குறை.

முன்கூட்டிச் சொன்னது பொய்த்துப் போனால் ஜனங்களின் நம்பிக்கை குலையும் என்று சிலர் அஞ்சக்கூடும். 2022 மார்ச்சில் 'அசானி' என்ற புயலாகும் என எதிர்பார்க்கப்பட்ட சுழல், தீவுகளை ஒட்டி வடக்கே நகர்ந்து, புயலாகாமலே மியன்மார்க் கரையை அடைந்தது; அதற்காகத் தீவிடைக் கப்பல்களை நிறுத்தி வைத்தது தவறென்று நாம் சொல்லமாட்டோம். அனுமானம் எவ்வளவு உறுதியானது என்பதையும் கூடவே சொல்லிவிட்டால், பாமர ஜனங்கள் அதைப் புரிந்துகொள்வார்கள். தலைமுறை தலைமுறையாக மேகத்தையும் நீரோட்டத்தையும் பார்த்துப் படகு இறக்கியவர்களுக்குச் சந்தேகத்தோடு முடிவெடுக்கும் வித்தையை நாம் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவே, தீவுக்கூட்டத்தை வட அந்தமான், தென் அந்தமான், சிறிய அந்தமான், கார் நிக்கோபார், நன்கவுரி வட்டாரம், பெரிய நிக்கோபார் என்று கடல்வழிகளை அனுசரித்துப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஏழு நாட்களின் காற்று, அலை, மழை மூன்றையும் ஒரே அறிக்கையில் தரவேண்டும் என்றும், கப்பல் இலாகா அதே தாளில் தன் பிரயாணங்களின் நிலையைக் குறிக்கவேண்டும் என்றும் வற்புறுத்துகிறோம். அவ்வறிக்கை நிக்கோபாரி, ஹிந்தி, வங்காளி, தமிழ், தெலுங்கு ஆகிய மொழிகளில் வானொலியில் வாசிக்கப்படுவதோடு, ஒவ்வொரு துறையிலும் பெரிய எழுத்தில் ஒட்டப்பட வேண்டும். கைப்பேசி இணைப்பு முதலில் அறுந்துபோவது மழைநாளில்தான். எல்லாத் தடங்களிலும் ஒருங்கே தொடங்க இயலாதெனில், போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து ஹட் பே, கார் நிக்கோபார், கமோர்த்தா வழியாகக் காம்ப்பெல் பே செல்லும் ஒரே தடத்திலாவது, அடுத்த மே மாதம் பருவமழை நிக்கோபாரில் இறங்குவதற்கு முன் தொடங்கட்டும்.